இரண்டு முழக் கம்பியின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுக்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்த நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால், நம் கையிலுள்ள சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. கைப்பேசிக்கு மின்னூட்டம் ஏற்ற நாம் அன்றாடம் பயன்படுத்தும் இரண்டு முழக் கம்பியின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரின் மகன் என் வீட்டிற்கு வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். பழைய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கி, அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தானே நிறுவியிருந்தான். எல்லாம் நன்றாக இயங்கின. கம்பியில்லா இணைய இணைப்பு மட்டும் இயங்கவில்லை. அதற்குரிய இயக்கி, அஃதாவது டிரைவர் என்னும் மென்பொருள், கணினியில் இல்லை. அதை இணையத்திலிருந்துதான் பெற வேண்டும். இணையமோ அந்த இயக்கி இருந்தால்தான் கிடைக்கும். 'பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நிலைதான்.

அவன் கலங்கவில்லை. மின்னூட்டக் கம்பியின் ஒரு முனையைக் கைப்பேசியிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகினான். கைப்பேசியின் அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தொட்டான். அரை நிமிடத்தில் கைப்பேசியின் இணையம் கணினிக்குப் பாய்ந்தது. "இது எவ்வாறு நடந்தது, தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது, ஐயா. செருகினால் வேலை செய்கிறது" என்றான். ஆசிரியனாக வாழ்ந்தவனுக்கு அந்த விடை போதவில்லை. தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணினியின் பக்கத்தைப் பார்ப்போம். 1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1973-இல் அது 'சி' என்னும் நிரல்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்திற்கு உரிமையாளரான தொலைபேசி நிறுவனம், 1956-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கணினி வணிகத்தில் இறங்க இயலாத நிலையில் இருந்தது. ஆகவே, யூனிக்ஸின் மூல நிரல் சிறு தொகைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. மாணவர்கள் அதைப் படித்தனர், திருத்தினர், வளர்த்தனர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட பதிப்பில் இன்றைய இணையத்தின் மொழியான டி.சி.பி., ஐ.பி. நெறிமுறைகள் இடம்பெற்றன. அந்தப் பெர்க்லி மரபிலிருந்து 1993-இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும், 1995-இல் ஓப்பன்பிஎஸ்டியும் கிளைத்தன. இதற்கிடையே 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் போன்று இயங்கும் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். நம் கதையில் கயிற்றின் ஒரு முனை இதுவே.

மறுமுனை தொலைபேசி. கைப்பேசி வாயிலாகக் கணினியை இணையத்தில் சேர்ப்பது புதிய எண்ணமன்று. இக்காலத் திறன்பேசிகளுக்கு முன்பிருந்த எளிய கைப்பேசிகளும் மோடமாகப் பயன்பட்டன. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்திற்கு வகுத்த கட்டளைகளையே அவையும் பேசின. கணினி கைப்பேசிக்கு ஓர் எண்ணைச் சுழற்றுமாறு ஆணையிடும்; கைப்பேசி இணைப்பைப் பெற்றுத் தரும். லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் இதற்கெனக் கட்டளைக் கோப்புகளைத் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. வேகமும் குறைவு.

நடுவிலுள்ள கம்பிக்கும் தனி வரலாறு உண்டு. முன்பு கணினியின் பின்புறம் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை, மோடத்திற்கு ஒரு துளை எனப் பல இருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாக்க ஏழு நிறுவனங்கள் கூடி, 1996-ஆம் ஆண்டு சனவரியில் யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையை வெளியிட்டன. இம்முயற்சியில் முன்னின்ற பொறியாளர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த அஜய் பட். 1998-இல் நெட்பிஎஸ்டியில் யு.எஸ்.பி. ஆதரவு எழுதப்பட்டது, மற்ற பிஎஸ்டி குடும்பத்தாரும் அதை எடுத்துக்கொண்டனர். 2000-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் வேகம் நொடிக்கு 480 மெகாபிட் ஆக உயர்ந்தது.

கம்பி பொதுவானால் போதுமா? போதாது. இரு முனைகளில் இருப்பவர்களும் ஒரே மொழி பேச வேண்டும். யு.எஸ்.பி. அமைப்பினர் இதற்கென 'சி.டி.சி. ஈதர்நெட்' என்னும் பொது மொழியொன்றை வகுத்தனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ தனக்கென 'ஆர்.என்.டி.ஐ.எஸ்.' என்னும் வேறொரு மொழியை வகுத்தது. விண்டோஸ் கணினிகளில் இரண்டாவது மொழிக்குரிய இயக்கி உடன் வந்தது; பொது மொழிக்குரிய இயக்கி வரவில்லை. உலகின் மேசைக் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்கின. ஆகவே, எந்தக் கருவி செய்வோரும் விண்டோஸ் அறிந்த மொழியிலேயே பேச விரும்பினர். சந்தையில் கூட்டம் மிகுந்த கடையின் படிக்கல்லே ஊருக்கு அளவாகிவிடுவது போன்ற நிகழ்ச்சி இது.

இந்நிலையில் யூனிக்ஸ் மரபினர் என்ன செய்தனர்? தாம் விரும்பாத அம்மொழியையும் கற்றுக்கொண்டனர். லினக்ஸில் யு.எஸ்.பி. வழியான வலையிணைப்புகளுக்கு அடித்தளமிட்டவர் டேவிட் பிரவுனெல். 2005-இல் அவர் ஆர்.என்.டி.ஐ.எஸ். மொழிக்குரிய இயக்கியையும் எழுதினார். வெளியிடப்பட்ட விளக்கம் முழுமையானதன்று என்பதையும், பொது மொழியே எளியது என்பதையும் அந்நிரலிலேயே குறித்துவைத்தார். குறை கூறியதோடு நின்றுவிடாமல் வேலையையும் முடித்துவைத்த அப்பண்பு நினைக்கத் தக்கது.

2010-ஆம் ஆண்டு மே மாதம் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அம்மாதத்தில்தான் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பை அறிவித்தது. கைப்பேசியின் இணையத்தைக் கம்பி வழியே கணினிக்கு வழங்கும் வசதி அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'டெதரிங்' என்று பெயர். மாட்டை முளையில் கட்டுவது என்பது அச்சொல்லின் பழைய பொருள். அதே மே மாதத்தில் ஓப்பன்பிஎஸ்டி 4.7 வெளிவந்தது. அதில் 'யு.ஆர்.என்.டி.ஐ.எஸ்.' என்னும் புதிய இயக்கி முதன்முறையாக இடம்பெற்றது. அதைப் பின்னர் ஃப்ரீபிஎஸ்டியும் ஏற்றுக்கொண்டது. ஐஃபோனுக்குரிய இயக்கியும் அவ்வாண்டிலேயே லினக்ஸில் இணைக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸே. லினக்ஸ் கணினியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் செருகும்போது இரு முனைகளிலும் லினக்ஸ்தான் இருக்கிறது. ஆயினும், அவை பேசிக்கொண்டது மூன்றாமவரின் மொழியில்! ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் இருவர், பெரிய சந்தையில் செல்லுபடியாகும் அயல்மொழியில் பேசிக்கொள்வது போலன்றோ இது! மற்றொரு வேடிக்கை: ஆப்பிளின் மேக் இயங்குதளம் 2007 முதல் யூனிக்ஸ் என்றே முறைப்படி சான்று பெற்றது. எனினும், அதில் இந்த இயக்கி இல்லை. 2012-இல் வெளியாள் ஒருவர் எழுதிய 'ஹோர்ண்டிஸ்' என்னும் இலவச இயக்கிதான் அக்குறையை நீக்கியது. ஆக, யூனிக்ஸ் என்ற பெயரால் மட்டும் வேலை நடந்துவிடவில்லை. உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இனி, அந்த அரை நிமிடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். முதற்படி, கம்பி. சில மலிவான கம்பிகளில் மின்சாரத்திற்குரிய இழைகள் மட்டுமே உண்டு; செய்திக்குரிய இழைகள் இரா. அத்தகைய கம்பியில் கைப்பேசி மின்னூட்டம் பெறும். ஆனால், கணினி அதை அறியாது. பலர் இயக்கியைப் பழிப்பதற்குக் காரணம் உண்மையில் இந்தக் கம்பியே. இரண்டாம் படி, அடையாளம். பகிர்வுப் பொத்தானைத் தொட்டவுடன் கைப்பேசி ஒரு கணம் கணினியிலிருந்து பிரிந்து, வலையிணைப்புக் கருவி என்னும் புதிய அடையாளத்துடன் மீண்டும் தோன்றுகிறது. மூன்றாம் படி, மொழி. கணினியின் கரு அந்த அடையாளத்தைப் படித்து உரிய இயக்கியை அழைக்கிறது. உடனே ஒரு புதிய வலைமுகம் பிறக்கிறது. லினக்ஸில் அதற்கு 'யு.எஸ்.பி.0' என்பது போன்ற பெயர் அமையலாம், ஃப்ரீபிஎஸ்டியில் 'யு.ஈ.0', ஓப்பன்பிஎஸ்டியில் 'யு.ஆர்.என்.டி.ஐ.எஸ்.0'. நான்காம் படி, முகவரி. கணினி டி.எச்.சி.பி. என்னும் முறையில் தனக்கொரு முகவரி கேட்கிறது, கைப்பேசி கொடுக்கிறது. பின்னர் கைப்பேசி, கணினியின் செய்திகளைத் தன் பெயரில் வெளியே அனுப்பி, வரும் விடைகளைக் கணினியிடம் சேர்க்கிறது. இப்போதைய லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் இவை தாமாகவே நடக்கும். பிஎஸ்டி வகைகளில் முகவரி கேட்கும் கட்டளையை நாமே தட்டச்சிட நேரிடலாம். ஏதேனும் தடைப்பட்டால், இந்நான்கு படிகளுள் எது தவறியது என்று வரிசையாகச் சோதிப்பதே முறை.

கதை இத்துடன் முடியவில்லை. ஆர்.என்.டி.ஐ.எஸ். மொழி, எதிர்முனையில் இருப்பவரை நம்பி அமைந்தது. தீயவன் ஒருவன் செய்த பொய்க்கருவி அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக் கணினிக்குக் கேடு விளைவிக்கலாம். இக்காரணத்தால், லினக்ஸின் முதன்மைப் பராமரிப்பாளர்களுள் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன், 2022-இல் அவ்வியக்கிகளை முடக்கிவிடலாம் என முன்மொழிந்தார். எதிர்ப்பு எழுந்தது. உலகெங்கும் எண்ணற்ற பழைய கைப்பேசிகள் அம்மொழி ஒன்றையே அறிந்தவை. இயக்கியை நீக்கினால் அவற்றை நம்பியிருப்பவர்களின் இணைப்பு அறுபடும். பாதுகாப்பும் பயனும் மோதும்போது எதைக் காப்பது என்னும் பழைய வினா இங்கும் எழுந்தது.

விடை மெல்ல வேறொரு திசையிலிருந்து வருகிறது. 2010-இல் யு.எஸ்.பி. அமைப்பினர் 'என்.சி.எம்.' என்னும் வேகமான பொது மொழியொன்றை வெளியிட்டனர். அதற்குரிய லினக்ஸ் இயக்கியை எழுதியவர், ஃப்ரீபிஎஸ்டியின் யு.எஸ்.பி. பகுதியைப் புதுக்கி அமைத்த அதே ஹான்ஸ் பெட்டர் செலாஸ்கி. இரு குடும்பங்களுக்கும் உழைத்த அவர் 2023-இல் மறைந்தார். புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் சில இம்மொழிக்கு மாறியுள்ளன. விண்டோஸ் 11 பதிப்பிலும் இதற்குரிய இயக்கி உண்டு. பொது மொழியொன்று, தாமதமாகவேனும், எல்லாருக்கும் பொதுவாகி வருகிறது.

மாணவர்களே! இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. எத்தனையோ வீடுகளில் கணினி உண்டு. தொலைபேசிக் கம்பி இல்லை. தந்தையின் கைப்பேசி ஒன்றே இணையத்திற்கு வாயில். அந்த வீட்டுப் பிள்ளை தன் இயங்குதளத்தைத் தானே தேர்ந்துகொள்ள முடியுமா, அல்லது சந்தை தேர்ந்ததையே ஏற்க வேண்டுமா என்பது, முகம் அறியாத சிலர் எழுதிவைத்த சில ஆயிரம் வரி நிரலைப் பொறுத்திருந்தது. அவர்களுள் எவரும் அந்தப் பிள்ளையை அறியார்.

அண்மையில் அந்தத் தம்பி மீண்டும் வந்தான். நான்கு படிகளையும் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, தன் கணினியில் அவ்வியக்கியின் மூல நிரலைத் திறந்து, "இதைத்தானே சொல்கிறீர்கள், ஐயா?" என்று காட்டினான். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. மீதிப் பாதியை அவன் எனக்கு விளக்கினான்.