கலப்பு ரிலே: வரிசையில் ஒரு கணக்கு

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ரிலே என்றால் நல்ல வேகமானவரைக் கடைசியில் நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் நான்கு பேரின் நேரத்தையும் கூட்டினால் வருவதுதானே மொத்த நேரம்? எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். அப்புறம் எதற்கு இந்த வரிசை பற்றிய யோசனை எல்லாம்? இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடும் கலப்பு ரிலேயின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

முதலில் நீச்சல். உலக சாம்பியன்ஷிப்பில் கலப்பு ரிலே 2015-இல் கசான் நகரில் அறிமுகமானது. 4x100 மெட்லேயில் நால்வரும் ஆளுக்கு ஒரு வகை நீச்சல் அடிக்க வேண்டும். எந்த வகைக்கு ஆணை அனுப்புவது, எதற்குப் பெண்ணை அனுப்புவது என்பது அணியின் விருப்பம். 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஆடம் பீட்டி 2019-இல் படைத்த சாதனை 56.88 விநாடி. லில்லி கிங் 2017-இல் படைத்தது 1 நிமிடம் 4.13 விநாடி. வித்தியாசம் 7 விநாடிக்கு மேல். ஃப்ரீஸ்டைலில் இந்த வித்தியாசம் சுமார் 5 விநாடிதான். ஆகவே பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஆணை இறக்கினால் லாபம் அதிகம். 1817-இல் டேவிட் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாடும் இதுவேதான்! எல்லாவற்றிலும் முந்தி இருப்பவரை, எதில் அதிகமாக முந்துகிறாரோ அதில் போட வேண்டும்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அப்படித்தான் செய்தது. பீட்டி பிரெஸ்ட் ஸ்ட்ரோக், கடைசியில் அன்னா ஹாப்கின். 3:37.58 என்ற உலக சாதனையோடு தங்கம். அமெரிக்கா பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பெண்ணை இறக்கி, டிரெஸ்ஸலைக் கடைசிக்கு வைத்திருந்தது. அவரால் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. கிடைத்தது ஐந்தாவது இடம்.

ஓட்டத்தில் கதை வேறு. நால்வரும் ஓடுவது அதே 400 மீட்டர். இருந்தாலும் எல்லோரும் தடத்தை விட்டு உள்பக்கம் வந்த பிறகு, முந்த நினைப்பவர் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓட வேண்டும். அதனால் முன்னால் இருப்பவருக்கு லாபம். 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் போலந்து இரண்டு ஆண்களையும் முதலிலேயே ஓட விட்டது. பெரிய இடைவெளி கிடைத்தது. ஆனால் கடைசிச் சுற்றில் பின்னால் வந்த ஆண்கள் முந்திவிட, ஐந்தாவது இடம்தான் மிஞ்சியது.

இந்தியாவுக்கு வருவோம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், கடைசியில் நம் திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ். ஆண், பெண், பெண், ஆண் என்ற வரிசை. கிடைத்தது வெள்ளி. முதலிடம் பெற்ற பஹ்ரைன் அணியின் அடேகோயா ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியதால் 2020-இல் அது தங்கமானது. டோக்கியோவிலும் அதே வரிசை. அனஸுக்குப் பின் மதுரை ரேவதி, திருச்சி சுபா, பிறகு ராஜீவ். நால்வரில் மூவர் தமிழர்கள்! ஆனால் 3:19.93 என்ற நேரத்தில் தகுதிச் சுற்றோடு திரும்ப வேண்டியதாயிற்று.

2022-இல் விதி மாறியது. ஆண், பெண், ஆண், பெண் என்ற ஒரே வரிசைதான் எல்லோருக்கும் என்று உலகத் தடகள அமைப்பு முடிவு செய்தது. யூகத்துக்கு இடமில்லாமல் போனது உண்மைதான். ஆனால் அதுவரை ஆணுக்கே பெரும்பாலும் கிடைத்து வந்த கடைசிச் சுற்று இப்போது பெண்ணுடையது. 2023 ஹாங்சோவில் அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ் ஓடிய பிறகு பேட்டனை வாங்கி முடித்து வைத்தவர், டோக்கியோவில் மூன்றாவதாக ஓடிய அதே சுபா வெங்கடேசன். 3:14.34. மூன்றாவதாக வந்த இந்தியாவுக்கு, இலங்கை தகுதி இழந்ததால் வெள்ளி கிடைத்தது.

கூட்டல் கணக்கில் வரிசை மாறினாலும் விடை மாறாது. ஆனால் கோட்டைத் தொடுவது யார் என்பது மாறுகிறதே! அதுவும் ஒரு விடைதான்.