பழைய ஏடிவி ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்குமுன் பிரேக் சுவிட்சைப் பாருங்கள்

பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ், தெலுக் பஹாங் வட்டாரங்களில் நான்கு சக்கர ஏடிவி வண்டிகள் புதிதல்ல. பயன்படுத்திய சிறிய வண்டியை மலிவாக வாங்குவோர், பொத்தானை அழுத்தியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பல வேளைகளில் அது வீண் செலவு.

110 சிசி வண்டிகள் பலவற்றில் பிரேக் பிடியை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். பிடியிலுள்ள சிறு சுவிட்சில் சேறு புகுந்தாலே போதும், சத்தமே வராது. அதையும் ஃபியூஸையும் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழன்றும் இன்ஜின் பற்றவில்லையென்றால், கைப்பிடியிலுள்ள சிவப்பு நிறுத்தும் சுவிட்சையும் ஸ்பார்க் பிளக்கையும் கவனிக்கலாம்.

‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் கதை வேறு. நன்கு சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தும்போது அது 9.6க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பேட்டரிதான் தளர்ந்திருக்கும். இறங்காவிட்டால் பேட்டரி முனைகளையும், சட்டத்தில் பொருத்திய எர்த் வயரையும் பாருங்கள். கடற்காற்று வீசும் ஊரில் பச்சை படிவது சகஜம். சுரண்டி இறுக்கினாலே பாதி வேலை முடியும். அப்போதும் சுழலாவிட்டால் ரிலே அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதாகியிருக்கலாம்.

ஆனால் பொத்தானைத் தொட்டதும், பிரேக் பிடிக்காமலே, ஸ்டார்ட் ஆகும் பழைய வண்டியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் பிரேக் சுவிட்ச் வயர்களை நேராக முறுக்கி இணைத்திருக்கக்கூடும். அத்தகைய வண்டி கியரில் இருக்கும்போதே உயிர்பெற்றுப் பாயலாம். பிள்ளைகள் ஏறும் வண்டியென்றால், அந்த இணைப்பைப் பிரித்துப் புதிய சுவிட்ச் போடும்வரை சாவியைக் கொடுக்கக்கூடாது. பட்டறையில் சோதிக்கும்போதும் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும்.