நல்லெண்ணெய் வந்த பீப்பா

பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். திருகோணமலையில் எங்கட வீடுகளில் இது இன்னும் நடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த கதை எங்களில் பாதிப் பேரிடம் இருக்கு. இடுப்புக்குப் பலம் என்பார் அம்மம்மா, அதோட பேச்சு முடிஞ்சுது. அதனால்தான் 1977-78இல் மலையகத்தில் நடந்ததை வாசித்தபோது கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குக் கைகால் விழுந்தது. எல்லாரும் புதிதாகப் பருவமடைந்தவர்கள். ஏன் இவர்களுக்கு மட்டும்? பேராதனை மருத்துவ பீடத்து நரம்பியலாளர் நிமல் சேனாநாயக்கவின் தேடல் அடுப்படிக்குப் போனது. சடங்கு முடிந்து குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரை-கிரெசைல் பொஸ்பேற்று என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த பீப்பாக்களில் ஏற்றி வந்தபோது அது கலந்திருக்கலாம் என்று அவரும் ஜே. ஜெயரட்ணமும் 1981இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

இந்த நஞ்சு குடித்த அன்றைக்குக் காட்டாது. பத்து நாள், இரண்டு கிழமை போகும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் முள்ளந்தண்டிலிருந்து பாதம் வரை ஓடுபவை. அவை நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வரும். முதலில் பாதத்தைத் தூக்க ஏலாது, பிறகு கையும் தளரும். அதற்குள் குடித்த எண்ணெயை யார் நினைக்கப் போகிறார்கள்? அமெரிக்காவில் 1930இல் இஞ்சிச் சாராயத்தில் இதே நஞ்சு இருந்தது. மொரோக்கோவில் 1959இல் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறக்குறைய 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

சேனாநாயக்க காரணத்தைக் கண்டுபிடித்ததோடு விட்டுவிடவில்லை. மூன்று வருடம் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதித்து, நரம்பு எவ்வளவு மீள்கிறது என்று பதிந்தார். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். வரலாறு படிக்கிற எங்களுக்கு, அந்த மூன்று வருடம் கண்டுபிடிப்பை விடப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு அவர் போன இடம் எங்களுக்குக் கிட்ட. கந்தளாய், மூதூர் வயல்களுக்கு அந்தக் காலத்தில் அடித்த பூச்சிமருந்துகளில் பல அந்த நஞ்சின் சொந்தக்காரர்தான்: ஒர்கனோபொஸ்பரஸ். மருந்து உடம்புக்குள் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் முதல் நாள் கண்டம் தாண்டுவார். வீட்டாரும் ஆறுதலாவார்கள். ஆனால் 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும், அடுத்தது மூச்சு. சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 10 நோயாளர்களில் இதைக் கவனித்து 1987இல் எழுதினார்கள். முதல் மயக்கத்துக்கும், கிழமைகள் கழித்து வரும் நரம்புப் பாதிப்புக்கும் இடையில் வருவதால் 'இன்டர்மீடியட் சின்ட்ரோம்' என்று பெயர். தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க மெஷின் தேவையில்லை. சின்ன ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம்.

துறைமுகப் பக்கம் பழைய பீப்பாக்களுக்குக் குறைவில்லை. தண்ணி பிடிக்க, நெல் போட, எல்லாத்துக்கும் அதுதான். அம்மம்மாவிடம் போய், அந்தக் காலத்து நல்லெண்ணெய் எதில வந்தது என்று கேட்டோம்.

"தகரத்திலதான்."

"தகரத்தில முதல் என்ன இருந்தது?"

"அதை ஆர் பிள்ளையள் பார்த்தது?"