சங்கராபரணம் எங்கே போச்சு?

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நவராத்திரி வந்தால் ஒன்பது நாளும் சாயங்காலம் வேட்டியும் மேல்துண்டுமாகக் கிளம்பிவிடுவார். அங்கே ஒவ்வொரு நாளும் என்ன ராகம் என்பது சுவாதித் திருநாள் கிருதிகளின் வரிசைப்படி நிச்சயம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று போய் ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும்.

காது அடியோடு போனபிறகு, இரண்டு வருடம் முன்பு காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார். போனில் பேச முடியாமல் இருந்தவர், இப்போது நான் மெல்பர்னிலிருந்து கூப்பிட்டால் அரைமணி நேரம் பேசுகிறார். எங்களுக்கெல்லாம் அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் போன நவராத்திரி முடிந்ததும் அவர் சொன்னது வேறு. "நீ பேசறது நன்னாப் புரியறதுடா. ஆனா முதல் நாளும் ரெண்டாம் நாளும் ஒண்ணாவே இருந்துது. சங்கராபரணம் எங்கே போச்சு?"

அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். பேச்சைத் திருப்பிக் கொடுத்த கருவி பாட்டை ஏன் கொடுக்கவில்லை? தேடிப் படித்ததில், இந்தக் கருவியின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது என்று தெரிந்தது.

1957ல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியஸ் என்ற இருவர், கேட்காத ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். அவருக்கு ஓசையின் தாளம் புரிந்தது, சொற்கள் பெரும்பாலும் புரியவில்லை. 1961ல் லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் இதை ஒரு சிகிச்சையாகவே தொடங்கினார். அவர் வழிவந்த ஒற்றை மின்முனைக் கருவிக்கு 1984ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு அது ஒரு துணை, அவ்வளவுதான்.

நம் காதுக்குள் இருக்கும் நத்தை வடிவக் குழலில் (அதுதான் காக்ளியா) ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. கீச்சுக்குரல் வாசலருகே, கனத்த குரல் உள்ளே ஆழத்தில். அதனால் பல மின்முனைகள் வேண்டும், அவை ஆழமாகப் போகவும் வேண்டும். 1977ல் கடற்கரையில் கிரேம் கிளார்க் ஒரு சங்குக்குள் புல் தண்டுகளைச் செருகிப் பார்த்து, நுனி வளைந்து கொடுத்து அடி விறைப்பாக இருந்தால் உள்ளே போகும் என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு வியன்னாவில் ஹொக்மையர் தம்பதியின் பன்முனைக் கருவி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1978 ஆகஸ்ட் 1ம் தேதி, நான் இருக்கும் இதே மெல்பர்னில், கிளார்க் தன் கருவியை ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். சோதனையின்போது பிரிட்டிஷ் அரசியைப் போற்றும் கீதத்தை வாசித்தார்களாம். மனிதர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்! (பழகிய பாட்டில் பாதி வேலையைத் தாளமே செய்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.)

ஆனால் ஆய்வாளர்களின் குறி பேச்சுதான். அதில் தவறும் இல்லை. கேட்காதவருக்கு முதலில் வேண்டியது மனிதப் பேச்சுதானே? 1991ல் அமெரிக்காவில் பிளேக் வில்சன் குழு, ஒலியைச் சில பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தை மட்டும், ஒன்றோடொன்று மோதாதபடி மாறிமாறி மின்துடிப்புகளாக அனுப்பும் முறையை வெளியிட்டது. பேச்சு புரிவது ஒரே தாவலில் முன்னேறியது. கிளார்க், இங்கபோர்க் ஹொக்மையர், வில்சன் மூவரும் 2013ல் லாஸ்கர் விருது பெற்றார்கள்.

பேச்சுக்கு அந்த ஏற்ற இறக்கமே போதும். நான்கு பட்டைகள் இருந்தாலே அமைதியான இடத்தில் பேச்சு புரியும் என்று 1995ல் ராபர்ட் ஷானன் குழு காட்டியது. ராகத்துக்கு அது போதாது. 2002ல் வந்த இன்னோர் ஆய்வு, சொல் அந்த வெளிக்கோட்டில் இருக்கிறது, சுருதியோ உள்ளே ஓடும் நுண்ணிய அதிர்வில் இருக்கிறது என்றது. கருவி தூக்கிப் போடுவது அந்த நுண்ணிய அதிர்வைத்தான்.

பெரியப்பாவின் கேள்விக்கே வருவோம். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம்: மத்யமம். ஒரு கட்டை சுருதியில் சுத்த மத்யமம் சுமார் 349 ஹெர்ட்ஸ், பிரதி மத்யமம் சுமார் 370. பரவலாகப் பயன்படும் ஒரு 22 முனைக் கருவியின் வழக்கமான பங்கீட்டில் 313 முதல் 438 வரை ஒரே மின்முனை! இரண்டு மத்யமமும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. மேல் சுரங்களில் கொஞ்சம் வேறுபாடு வரும், ஆனால் மங்கலாக. முனைகளைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். காதுக்குள் இருக்கும் திரவத்தில் மின்சாரம் பரவிவிடுவதால், 22 முனை இருந்தாலும் பயன் பெரும்பாலும் எட்டு முனை அளவோடு நின்றுவிடுகிறது.

முயற்சிகள் நிற்கவில்லை. மாண்டரின் மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால், சுருதி ஆராய்ச்சிக்கு அதுவும் ஒரு உந்துதல். இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரத்தைப் பங்கிட்டு 120 இடங்களை உண்டாக்கும் முறை வந்தது. ரவேலின் பொலேரோவைத் திரும்பக் கேட்க மைக்கேல் கோரஸ்ட் அலைந்த கதை 2005ல் பலரும் படித்தது. நுண்ணிய அதிர்வை ஆழமான முனைகளில் அனுப்பும் முறையும் வந்தது. பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் டோபியாஸ் மோசர் குழு மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் நரம்பைத் தூண்டப் பார்க்கிறது. ஒளியைக் குறுகலாகக் குவிக்கலாம் என்பதுதான் நம்பிக்கை. விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள்.

கைவசம் இருக்கும் நல்ல வழி ஒன்று உண்டு. தாழ்ந்த சுருதி கொஞ்சம் கேட்கும் காது மிச்சம் இருந்தால், அதற்குச் சாதாரண ஹியரிங் எய்டைப் போட்டுக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கேட்பது. மெட்டு பிடிபட இது பலருக்கும் உதவுகிறது. இம்ப்ளான்ட் வந்துவிட்டதே என்று பழைய ஹியரிங் எய்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஊரில் உங்கள் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள், ஆடியாலஜிஸ்டைக் கேட்டுக்கொண்டு.

இன்னொன்று. கேரளத்தில் 2012ல் தொடங்கிய சுருதிதரங்கம் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு அரசு செலவிலேயே இந்தக் கருவி வைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே சுருதி இருக்கிறது. அந்தக் குழந்தைகள் பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். பெரியப்பாவுக்காவது இழந்தது என்னவென்று தெரியும். சங்கராபரணமும் கல்யாணியும் வேறு வேறு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பெரியப்பா இந்த வருடமும் போகப்போகிறாராம். வலது காதில் பழைய ஹியரிங் எய்ட் திரும்ப ஏறியிருக்கிறது. "தாளம் கொஞ்சம்கூடப் பிசகாம கேக்கறதுடா, மிருதங்கத்துக்காகவே போவேன்" என்றார். முதல் நாளும் இரண்டாம் நாளும் கச்சேரி முடிந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.