வீரநிர்வாண நாளில் நிகழ்ந்தவை

பகவான் வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளிலேயே, அவந்தி நாட்டில் பாலகன் என்னும் அரசன் முடிசூடினான். யதிவிருஷபாசாரியார் பிராகிருத மொழியில் இயற்றிய திலோயபண்ணத்தி என்னும் நூல் இவ்விரண்டையும் ஒரே நாளில் நிகழ்ந்தனவாகக் கூறுகின்றது. சுவேதாம்பர மரபு நூல்களும் இதனை உடன்படுகின்றன. பகவானின் வரலாற்றில் பல செய்திகளை வெவ்வேறாகக் கூறும் இரு மரபுகளும், தொலைவிலிருந்த ஒரு நாட்டு அரசனின் முடிசூட்டு விழாவைப் பற்றி ஒரே குரலில் பேசுவது வியப்பிற்குரியது.

பாலகன் அறம் வளர்த்த மன்னன் என்றோ, சமண சங்கத்திற்குக் கொடையளித்தவன் என்றோ அந்நூல் அவனைப் போற்றவில்லை. அவன் குலம் அறுபது ஆண்டு ஆண்டது என்று ஓர் எண்ணைத் தந்துவிட்டு அடுத்த அரச மரபிற்குச் செல்கின்றது. அந்த எண்ணிற்காகவே அவன் அங்கு வேண்டப்பட்டான். பழங்காலத்தில் ஆண்டுகளை எண்ணுவதற்கு அரசர்களின் ஆட்சி ஆண்டே அளவுகோலாக இருந்தது. முடி துறந்து சென்ற ஒருவரின் இறுதி நாளைக் காலத்தில் நிலைநிறுத்த வேண்டுமாயின், முடி சூடிய ஒருவனின் முதல் நாளோடு அதனைப் பிணைத்தாக வேண்டும். உச்சயினி அரண்மனையில் முரசு ஒலித்ததால்தான், பாவாபுரியில் ஓசையின்றி நிகழ்ந்த ஒன்றிற்கு நாம் இன்று ஆண்டுக் கணக்குச் சொல்ல முடிகின்றது எனலாம்.

இந்தப் பாலகன் கொங்குநாட்டுச் சமணருக்கு முற்றிலும் அயலானும் அல்லன். உச்சயினி அரசன் பிரச்சோதனனின் மகன் அவன் என்றும், வாசவதத்தையின் உடன்பிறந்தவன் என்றும் வடநாட்டுக் கதை மரபு கூறும். அவ்வாசவதத்தையைக் கைப்பிடித்த உதயணனின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடியவர் கொங்குவேளிர். கோவையிலிருந்து ஈரோட்டிற்குச் செல்லும் வழியில், பெருந்துறைக்கு முன்னதாக உள்ள விசயமங்கலம் அவருடைய ஊர். அவர் இயற்றிய பெருங்கதையின் முதற் பகுதிக்கே உஞ்சைக் காண்டம் என்று பெயர். உஞ்சை என்பது உச்சயினி. பகவான் வீடெய்திய நாளில் எந்த அரண்மனையில் முடிசூட்டு விழா நடந்ததோ, அதே அரண்மனையின் மதிலையும் களிற்றையும் யாழையும் ஒரு கொங்குச் சமணப் புலவர் பாடி வைத்திருக்கின்றார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டு இந்நூலைப் பதிப்பித்தபோது அதன் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைத்தபாடில்லை.

அந்நாளில் நிகழ்ந்ததாகத் திலோயபண்ணத்தி கூறும் மற்றொரு செய்தி நம் இல்லங்களில் நன்கறியப்பட்டது. பகவான் வீடெய்திய நாளிலேயே தலைமைக் கணதரரான இந்திரபூதி கௌதமர் கேவலஞானம் பெற்றார். கௌதமர் வீடெய்திய நாளில் சுதர்மர் கேவலஞானம் பெற்றார். சுதர்மர் வீடெய்திய நாளில் ஜம்புசுவாமிக்கு அது கிட்டிற்று. திகம்பர மரபின் கணக்குப்படி இம்மூவர் காலமும் சேர்ந்து 62 ஆண்டுகள். ஜம்புசுவாமிக்குப் பின் அத்தொடர் நின்றுபோயிற்று. ஒருவர் பிரிந்த நாளே மற்றொருவர் முழுதுணர்ந்த நாளாக அமைவதால்தான், வீரநிர்வாண நாளை அழுகை நாளாகவும் கொள்ளாமல் வெறும் களிப்பு நாளாகவும் கொள்ளாமல் நம் முன்னோர் வழிபட்டு வந்தனர். காலையில் நிர்வாண பூசை, மாலையில் கௌதம கணதரரை நினைந்து விளக்கு என்று ஒரே நாளுக்குள் இரண்டும் அமைந்தன.

அந்த நாள் எது என்பதிலும் சற்று நின்று நோக்க வேண்டியுள்ளது. கார்த்திகை மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு கழியும் வைகறை, சுவாதி நாண்மீன் என்பது திகம்பர நூல்களின் கூற்று. தமிழ்நாட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தீபாவளி விடியலும் அந்தச் சதுர்த்தசி வைகறையைச் சார்ந்ததே. வடநாட்டில் பௌர்ணமியில் மாதத்தை முடிப்பவர்களுக்கு இது கார்த்திகை மாதம். அமாவாசையில் மாதத்தை முடிக்கும் தக்காணத்தாருக்கு இதே நாள் ஆசுவின மாதத்தைச் சேர்ந்தது. கதிரவனின் இயக்கத்தைக் கொண்டு மாதம் எண்ணும் தமிழருக்கோ ஐப்பசி. மூன்று பெயர்கள் இருந்தும் வானத்தில் உள்ள இருள் ஒன்றுதான். கதிரவன் துலா ராசியில் இருக்கும் ஐப்பசியில், அமாவாசைத் திங்களும் அவனோடு சேர்ந்து சுவாதியிலோ அதன் அருகிலோ நிற்பது இயல்பு. ஆதலால் நூல்கள் கூறும் நாண்மீன் வானியலோடு முரண்படவில்லை. சுவாதிக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர் சோதி.

விளக்கேற்றும் வழக்கம் எப்போது தோன்றிற்று என்பதற்குச் சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரம் ஒரு விடை தருகின்றது. மல்லரும் லிச்சவியருமாகிய பதினெட்டுக் கணத் தலைவர்கள், ஞான ஒளி மறைந்துவிட்டமையால் பொருள் ஒளியையாவது ஏற்றுவோம் என்று கருதி விளக்கேற்றினர் என்பது அதன் செய்தி. திகம்பர மரபில் இதனைத் தெளிவாகச் சொல்லும் நூல் ஜினசேனரின் அரிவம்ச புராணம். சக ஆண்டு 705, அதாவது கி.பி. 783இல் முடிந்த அந்நூல், பாவாபுரியில் அன்று ஏற்றிய விளக்குகளைச் சொல்லி, அதுமுதல் மக்கள் ஆண்டுதோறும் ‘தீபாலிகா’ என்னும் பெயரால் பகவானை வழிபடுகின்றனர் என்கிறது. இந்த ஜினசேனர், ஆதிபுராணம் பாடிய ஜினசேனரின் வேறானவர். புன்னாட்டு சங்கத்தைச் சேர்ந்தவர். புன்னாடு என்பது கொங்கின் வடமேற்கு எல்லைக்கு அப்பால், இன்றைய மைசூர்ப் பகுதியின் தென்பாகத்தில் இருந்த நாடு. அவர் நூலெழுதியது வடமேற்கு இந்தியாவில் என்றாலும், அவருடைய துறவியர் கூட்டம் நம் அண்டை நாட்டின் பெயரைத் தாங்கிச் சென்றிருந்தது.

அந்த நாளிலிருந்து தொடங்குவது வீரநிர்வாண ஆண்டு. பகவான் வீடெய்தி 605 ஆண்டும் 5 மாதமும் கடந்த பின் சகர் ஆண்டு தொடங்கிற்று என்பது மரபு. கார்த்திகையிலிருந்து சைத்திரம் வரை உள்ள இடைவெளியே அந்த ஐந்து மாதம். இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொங்குநாட்டின் தென்கோடிக்குச் செல்லலாம். பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையில், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களுக்கிடையே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டைக் கூறுவதோடு நில்லாமல், சக ஆண்டு 792 என்றும் அது குறிக்கின்றது, கி.பி. 870. பாண்டியர் காலவரிசையை அறுதியிட ஆராய்ச்சியாளர்கள் பற்றிக்கொண்ட ஊன்றுகோல்களுள் இக்கல்வெட்டும் ஒன்று. 792உடன் 605ஐக் கூட்டினால் ஏறத்தாழ வீரநிர்வாணம் 1397.

அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தி சிறியது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் வழியில் வந்த சாந்திவீரக் குரவர், மலையிலிருந்த பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். அவற்றிற்கு அவியமுது முட்டாமல் நடக்கவும், துறவி ஒருவர்க்கு உணவு கிடைக்கவும் ஐந்நூற்றைந்து காணம் பொன் வைத்தார். ‘புதுப்பித்தார்’ என்னும் சொல் கருதத்தக்கது. 870ஆம் ஆண்டிலேயே அவ்வுருவங்கள் புதுப்பிக்க வேண்டிய அளவிற்குப் பழமை எய்தியிருந்தன. பாண்டிய நாட்டில் பக்தி இயக்கம் ஓங்கியிருந்த அந்நூற்றாண்டில், ஒரே ஒரு துறவியின் வாய்க்கு உணவு தவறக்கூடாது என்று கவலைப்பட்டவர் இம்மலையில் இருந்திருக்கின்றார். இன்று கோவையிலும் ஈரோட்டிலும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுள் பெரும்பாலானவை வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து கல்வியும் தொழிலும் கருதி வந்தவை. வந்த இடத்தில் தம் முன்னோர் இருந்திருக்கின்றனர் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஐவர்மலை ஒரு நாள் பயணத்தில் உள்ளது.

பிற்காலத்தில் இதே திதியில் வேறு சமயத்தாரின் நினைவுகளும் வந்து சேர்ந்தன. குவாலியர்க் கோட்டையிலிருந்து குரு ஹர்கோபிந்த் தம்முடன் சிறைப்பட்டிருந்த 52 அரசர்களையும் விடுவித்து மீண்டதைச் சீக்கியர் தீபாவளியன்று கொண்டாடுகின்றனர். ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி 1883 அக்டோபர் 30ஆம் நாள் அஜ்மீரில் மறைந்ததும், வேதாந்தியான சுவாமி ராமதீர்த்தர் 1906 அக்டோபர் 17ஆம் நாள் மறைந்ததும் தீபாவளி நாட்களே. ஆங்கிலத் தேதிகள் மாறினும் திதி மாறவில்லை. கோவையில் வாழும் குஜராத்தி, மார்வாரிச் சமண வணிகர்கள் அன்று மாலையில் புதுக் கணக்கேடுகளை வைத்துப் பூசை செய்வர். மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு. வீரநிர்வாண ஆண்டும் அன்றே மாறுகின்றது. தமிழ்ச் சமணருக்கோ புத்தாண்டு சித்திரையில்தான். ஒரே சமயத்தார், ஒரே நகரத்தார் ஆயினும் கணக்கேடு வேறு!

இவ்வரிசையில் தமிழ்ச் சமணர் தனித்து நினைக்கத்தக்கது ஒன்று உண்டு. 1974 நவம்பர் 13ஆம் நாள் தீபாவளியன்று பகவானின் 2500ஆம் நிர்வாண விழா நாடெங்கும் தொடங்கிற்று. வினோபா பாவே நெடுங்காலமாக ஒரு வேண்டுகோளை முன்வைத்து வந்தார். சமணப் பிரிவினர் அனைவரும் ஏற்கும் ஒரே நூல் வேண்டும் என்பது அது. ஜினேந்திர வர்ணி அவர்கள் பிராகிருத நூல்களிலிருந்து திரட்டித் தந்த தொகுப்பு, அந்நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில் தில்லியில் கூடிய சங்கீதியில் எல்லாப் பிரிவு ஆசாரியர்களின் முன்னிலையில் ஆராய்ந்து ஏற்கப்பட்டது. 756 காதைகள் கொண்ட அந்நூலே சமணசுத்தம். பல நூற்றாண்டுகளாக எவரும் செய்யத் துணியாத இப்பணியைத் தூண்டியவர் பிறப்பால் சமணர் அல்லர்.

வினோபா கொங்குநாட்டிற்குப் புதியவர் அல்லர். பூதான இயக்கத்திற்காகத் தமிழ்நாட்டில் அவர் நடந்த காலத்தில், 1956 நவம்பரில் பழனியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இயக்கத்திற்குப் பொருளும் ஊதியமும் தந்துவந்த அமைப்பு முறையையும் பூதானக் குழுக்களையும் கலைத்துவிடுவது என்பது அம்முடிவு. தாம் கட்டிய நிறுவனத்தைத் தாமே கலைக்கும் அந்தப் பற்றறுப்பு நடந்த ஊர், சாந்திவீரர் பொன் வைத்த மலைக்கு அண்மையில் உள்ளது.

1982 நவம்பர் தொடக்கத்தில் நோயுற்ற வினோபா, தம் 87ஆம் வயதில் பவனார் ஆசிரமத்தில் உணவையும் மருந்தையும் மறுத்துவிட்டார். மருத்துவர்களும் அன்பர்களும் வேண்டியும் மனம் மாறவில்லை. நவம்பர் 15ஆம் நாள் காலையில் உயிர் நீத்தார். அன்று வீரநிர்வாண அமாவாசை. சல்லேகனை என்பதற்கு நம் நூல்கள் வகுத்துள்ள தகுதிகளும் முறைகளும் பல. அவற்றோடு இதனை முழுதும் ஒப்பிட வேண்டுவதில்லை. ஆயினும் நம் முன்னோர் வடக்கிருத்தல் என்றழைத்த நெறியை அறிந்து ஏற்றவர் அவர் என்பதில் ஐயமில்லை. அதே நவம்பர் 15இல் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் சோவியத் ஒன்றியத் தலைவர் பிரெஷ்னெவின் உடல், பல நாட்டுத் தலைவர்கள் சூழப் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. திலோயபண்ணத்தி ஆசிரியர் இருந்திருப்பின் இரண்டையும் ஒரே காதையில் குறித்திருப்பார்.

வடக்கிருத்தலின் கல்லெழுத்தைக் காணக் கொங்கர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை, விசயமங்கலத்தில் நோன்பிருந்து உயிர் நீத்தார். அவருடைய நிசீதிகை அங்குள்ள சந்திரப்பிரபர் கோயிலில் உள்ளது. தமையனார் எழுப்பியதைக் காணப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை உலகமே திரள்கின்றது. தங்கையின் கல் நிற்கும் இடமோ, உஞ்சை அரண்மனையைப் பாடிய கொங்குவேளிரின் ஊர். ஐப்பசி அமாவாசைக்குக் கோவையிலிருந்து புறப்படுவோர் மாலை விளக்கு ஏற்றும் வேளைக்குள் அங்குச் சென்று திரும்பலாம்.