எடைச்சீட்டு போன வழி

மல்லாட்டை (நிலக்கடலை) லாரி எடைமேடையில் இரண்டு தரம் ஏறி இறங்கினால்தான் அந்தச் சீட்டு பிறக்கும்: பாரத்தோடு ஒரு தரம், சரக்கை இறக்கிவிட்டு ஒரு தரம். வண்டி எண், நேரம், மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை. உள்ளங்கை அளவுக் காகிதம். அனந்தபுரம் வியாபாரி அதைக் கொள்முதல் வவுச்சரோடு பின் அடித்துக் கட்டில் சேர்ப்பார். கணக்கு முடிந்ததும் கட்டு மஞ்சள் பையில் விழுப்புரத்து ஆடிட்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறும்.

அங்கே அதை முதலில் பிரிப்பது ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளை. சி.ஏ. இன்டர் தேறிய கெட்டிக்காரப் பையன். தொகையைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்துவிடுவான். சீனியர் கேட்பார்: "ரொக்கமா குடுத்திருக்காங்களே, யாருக்குன்னு பாத்தியாப்பா?"

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது. விளைவித்த விவசாயிக்கே கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. வாங்கி விற்பவருக்குக் கிடையாது. இதைப் பரீட்சைக்குப் படித்திருப்பான். ஆனால் ஒரே பெயர் ஒரே வாரத்தில் ஐந்து லாரிக்கு வந்தால் சந்தேகம் தட்ட, ஒரு காணியில் எத்தனை மூட்டை தேறும் என்று தெரிந்திருக்க வேண்டும். குடோனில் எடை குறைந்தாலும் அப்படித்தான். ஈரக்காய் காய்ந்தால் எடை இறங்கும். நூறு கிலோ காயை உடைத்தால் பருப்பு சுமார் எழுபது கிலோ. இருப்பு எண்ணப் போய் மூட்டையில் கைவிட்டுப் பார்த்தவனுக்குத்தான் எது காய்ச்சல், எது களவு என்று பிடிபடும்.

இந்த ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி 1949 சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் சட்டத்துக்கும் மூத்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ஆர். சிவபோகம், சென்னையில் சி. எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்று, 1933-இல் அரசு கணக்கியல் டிப்ளமோ தேறினார். சிறை சென்றவர்களைப் பதிவு செய்ய விடாத விதியை வழக்காடி வென்று, 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவர்.

2023 ஜூலையிலிருந்து மூன்று ஆண்டுப் பயிற்சி இரண்டு ஆண்டாகிவிட்டது. சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கலாம் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய விஷயம்தான். ஆனாலும் இந்தக் குறைப்பு எனக்கு உடன்பாடில்லை. முதல் வருஷம் கட்டைப் பிரிக்கப் பழகவே போய்விடும். மூன்றாம் வருஷம்தான் கேள்வி கேட்க வாய் வரும்.

டிக் விழுந்த சீட்டு வியாபாரியிடமே திரும்பும். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் தாள் என்பதால், எடுத்து வைத்த ஜெராக்ஸில் பையன் தன் இனிஷியலைப் போடுவான். தணிக்கைக் கோப்பில் அது குறைந்தது 7 ஆண்டுகள் இருக்கும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்திட்ட ஆடிட்டர்.