மசகு

மசகு – பெயர்ச்சொல். உரசும் இரு பரப்புகளுக்கு நடுவே இடும் நெய்ப்பொருள். மாட்டுவண்டி அச்சுக்குத் தடவிய கரிய மையும் மசகுதான். தமிழகத்தில் மசகெண்ணெய் என்றால் இயந்திரத்துக்கு இடுவது. இலங்கையில் அதே சொல் கச்சா எண்ணெயைக் குறிக்கும்.

திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர் நூற்பாலைகளில் ஓயாமல் சுழலும் பேரிங்குகளைப் பாருங்கள். குண்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைவு. பளு ஏறினால் அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 10,000 மடங்கைத் தொடும். அந்த நெருக்கத்தில் எண்ணெய் ஏறக்குறையத் திண்மம்போல் இறுகுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்த இறுக்கம். உராய்வைத் தருவதும் அதுவே. வழுக்குவது மட்டுமன்று, தாங்குவதும் மசகின் பொருள்.